பொய் வயதுக்குப் போலீஸ் வருமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆறு பக்கம். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டோடு சேர்ந்த தையல் கடை அவருடையது. ஆரி ஒர்க் பிளவுஸ்தான் முக்கிய வருமானம். கணவர் கத்தாரில் டிரைவர். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மகளுக்கு 12 முடிந்து ஐந்து மாதம். போன வருடம் அப்பா அனுப்பிய போனில் மகள் இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கியிருக்கிறாள். பிறந்த வருடம் 2004 என்று போட்டிருக்கிறாள். அம்மா தைத்து முடித்த பிளவுஸ்களைத் தோளில் வைத்துக் காட்டி "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" என்று அவள் போடும் ரீல்ஸுக்கு இப்போது 2,800 பேர் பின்தொடர்பவர்கள். ஆர்டரும் வருகிறது. "தீபாவளிக்கு மட்டும் பதினோரு பிளவுஸ் மேடம், அதனால நானும் கண்டுக்கல" என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன், வந்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு டிசைன் காட்ட மகளின் போனை வாங்கியபோது ஒரு மெசேஜ் கண்ணில் பட்டது. பெண் பெயரில் ஒரு கணக்கு. பெங்களூரில் பொட்டிக் வைத்திருப்பதாகவும், மகளை மாடலாகப் போட விரும்புவதாகவும், அளவு எடுத்து, டேப்போடு போட்டோவும் எடுத்து அனுப்பும்படியும் கேட்டிருக்கிறது. "அம்மாகிட்ட இப்போ சொல்லாதே, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்று ஒரு வரி. மகள் எதையும் அனுப்பவில்லை என்கிறாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு சட்டம். சிட்னியில் இருக்கும் நாத்தனார், "இங்கே 16 வயசுக்குக் கீழே தடை, இந்தியாவுலயும் ஹைகோர்ட் தடை போட்டாச்சு" என்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் கொழுந்தனார் மகன், வயதைப் பொய்யாகப் போட்டதற்கு 200 கோடி அபராதம் என்று எதையோ படித்துக் காட்டியிருக்கிறான். கணவர், கணக்கை மகளுக்குத் தெரியாமல் அழித்துவிட்டு, போனில் வேவு பார்க்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்கிறார். பள்ளியிலோ வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. "என் பொண்ணு மேல கேஸ் வருமா? தடை உண்மையா? கணக்கை அழிக்கலாமா? ஸ்கூல் குரூப்பை என்ன பண்ண? அந்த மெசேஜுக்குப் போலீஸ் போனா ஊருக்கே தெரிஞ்சிடாதா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைத் தாளின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில். மற்ற நான்கும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

அந்த மெசேஜ்

"அளவு எடுக்கறது என் தொழில் மேடம். பிளவுஸுக்கு எது எது வேணும்னு எனக்குத் தெரியும். இவங்க கேட்டது அதுக்கில்ல" என்று எழுதியிருக்கிறீர்களே, நீதிமன்றத்தில் நின்று வாதாடினாலும் இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. உங்கள் கணிப்பை நம்புங்கள். முதலில் பாராட்டு, அப்புறம் ஒரு வாய்ப்பு, பிறகு "அம்மாவிடம் சொல்லாதே". நான் புரட்டிய வழக்குக் கட்டுகளில் ஆள் மாறும், ஊர் மாறும், கதை மாறும். இந்தக் கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை. நிஜமாகவே மாடல் தேடும் கடைக்காரர் 12 வயதுப் பிள்ளையின் அம்மாவிடம்தான் முதலில் பேசுவார்.

நல்ல காலம், நீங்கள் இன்னும் எதையும் அழிக்கவில்லை. அழிக்கவும் வேண்டாம். இன்னொரு போனை எடுத்து, மகளின் போனில் அந்த உரையாடலை மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்தி வீடியோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். அந்தக் கணக்கின் முகப்புக்குப் போய், காட்டுகிற பெயரை அல்ல, மேலே சிறிய எழுத்தில் இருக்கும் பயனர் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். காட்டுகிற பெயரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். இதெல்லாம் முடிந்த பிறகு செயலிக்குள்ளேயே அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்யுங்கள், அப்புறம் பிளாக் செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது. மகளைப் போல நீங்களே பேசி அந்த ஆளைப் பிடிக்கலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் (கொழுந்தனார் மகனுக்கு வரும் என்று நினைக்கிறேன்) உடனே கைவிடச் சொல்லுங்கள். அது போலீஸின் வேலை.

போனை ரீசெட் செய்வதோ விற்பதோ கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. மகள் எதையும் அனுப்பவில்லை என்றதை நம்புங்கள். ஆனால் அந்த ஒரு பதிலோடு கதவைச் சாத்திவிடாதீர்கள். பயந்த பிள்ளைகள் ஒரே தடவையில் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்குக் கால்வாசி, நாலு நாள் கழித்து மீதி. பின்னால் அப்படி ஏதாவது படம் இருப்பது தெரியவந்தால், அதைப் பிரதி எடுக்காதீர்கள், கணவருக்குக்கூட அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்பாமல் வைத்திருப்பதேகூடக் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு நம் சென்னையிலிருந்து போனதுதான். போனை அப்படியே எடுத்துக்கொண்டு போலீஸிடம் போங்கள்.

இனி, போகலாமா வேண்டாமா என்பது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 11ஆவது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை இணையம் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. நோக்கம் இருந்ததா இல்லையா என்பது சாட்சியத்தை வைத்து முடிவாகும் விஷயம். நீங்கள் எழுதிய வரிகள் மட்டும்தான் மெசேஜ் என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "துணிக்கடை விசாரிப்புதானே" என்று வாதாட இடம் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் புகார் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. இதே கணக்கு இன்னும் எத்தனை பிள்ளைகளிடம் அளவு கேட்டிருக்கிறது என்பதைப் போலீஸால்தான் கண்டுபிடிக்க முடியும். தவிர, இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ தெரிவிப்பதை 19ஆவது பிரிவு கடமையாகவே வைத்திருக்கிறது. தெரிந்தே மறைத்தால் அதற்கும் தண்டனை உண்டு.

"ஊருக்கே தெரிஞ்சிடாதா" என்ற பயம் நியாயமானது. சட்டம் எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. மகளை ஸ்டேஷனுக்கு அழைக்காமல், உங்கள் வீட்டிலேயோ அவளுக்கு வசதியான இடத்திலேயோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பெண் அதிகாரி வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் என எதையும் ஊடகம் வெளியிட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், இல்லை. சில சமயம் நாம்தான் சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ உங்கள் மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ போகலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள்.

2004 என்று போட்டது குற்றமா?

இல்லை. உங்கள் மகள் மீது இதற்காக வழக்கு வராது. உங்கள் மீதும் வராது.

கொழுந்தனார் மகன் படித்துக் காட்டியது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமாக இருக்க வேண்டும். அதில் 200 கோடி ரூபாய் வரை அபராதம் இருப்பது நிஜம். ஆனால் அது பிள்ளைக்கு அல்ல, நிறுவனத்துக்கு. 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளுவதற்கு முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வாங்க வேண்டும், பிள்ளைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. மீறும் நிறுவனத்துக்குத்தான் அந்தத் தொகை. தம்பி எண்ணைச் சரியாகப் படித்துவிட்டு, யாருக்கு என்பதை விட்டுவிட்டார்.

மைனரோடு போடும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லவே செல்லாது. கல்கத்தாவில் ஒரு மைனர் தன் வீட்டை வட்டிக்காரரிடம் அடமானம் வைத்த வழக்கில், அப்போது நம் நாட்டு மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சில் 1903இல் சொன்னது அது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே மனப்பாடம் செய்வோம். 12 வயதுப் பிள்ளை 'ஏற்கிறேன்' என்று அழுத்திய விதிமுறைகளும் அதே கதிதான்.

இந்தப் பதிலை எழுதுவதற்கு முன் என் போனிலேயே புதுக் கணக்கு திறக்கும் பக்கம் வரை போய்ப் பார்த்தேன். பிறந்த தேதி கேட்கிறது. நாள், மாதம், வருடம் என்று மூன்று உருளைகள். வருட உருளையைக் கட்டைவிரலால் இரண்டு தள்ளு தள்ளினால் 2013 மேலே போய் 2004 வந்து நிற்கிறது. சினிமாத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவராவது முகத்தைப் பார்ப்பார். இங்கே அதுவும் இல்லை. இதைப் பூட்டு என்று வைத்துவிட்டு, பிள்ளை பூட்டை உடைத்துவிட்டாள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அந்தப் பொய்க்கு விலை இல்லாமலும் இல்லை, சகோதரி. 2004 என்று போட்டதால் அந்தச் செயலியின் கணக்குப் புத்தகத்தில் உங்கள் மகள் இருபது தாண்டிய பெண். 13 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கென்று இன்ஸ்டாகிராம் 'டீன் அக்கவுண்ட்' முறையை 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே பூட்டிய நிலையில் இருக்கும். முன்பின் தெரியாத பெரியவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது. 16க்குக் கீழே என்றால் இதையெல்லாம் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். இதில் ஒன்றுகூட உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த பொட்டிக் கணக்கு அத்தனை சுலபமாக உள்ளே வந்தது இதனால்தான். அவளைத் திட்டும்போது "பொய் சொன்னாய்" என்று திட்டாமல், இதை எடுத்துச் சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்.

கணக்கில் 2004 இருப்பதால் போக்சோ வழக்கு நிற்காதோ என்றும் கவலைப்பட வேண்டாம். வயது பற்றிச் சந்தேகம் வந்தால் பள்ளி தந்த பிறப்புச் சான்று, அது இல்லையென்றால் நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இன்ஸ்டாகிராமைப் பார்த்து யாரும் வயதைத் தீர்மானிப்பதில்லை.

தடை உண்மையா?

நாத்தனார் பாதி சரி. ஆஸ்திரேலியாவில் 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. வாட்ஸ்அப்புக்கு அந்தத் தடை இல்லை. கணக்கில்லாமல் யூடியூப் பார்ப்பதற்கும் தடை இல்லை. முதல் ஒரு மாதத்துக்குள் சுமார் 47 லட்சம் கணக்குகள் நீக்கப்பட்டதாகவோ முடக்கப்பட்டதாகவோ அந்த நாட்டு அரசு சொன்னது. அங்கேயும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அபராதம் கிடையாது. உரிய நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை.

"ஹைகோர்ட் தடை" என்று அவர் சொன்னது எங்கள் மதுரைக் கிளையின் உத்தரவை. 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியா மாதிரி ஒரு சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வை முடுக்கிவிட வேண்டும் என்றும் சொன்னது. அது யோசனை. செய்தித் தலைப்பு வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுவதற்குள் தடையாகிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடை கேட்டு வந்த மனுவை, இது கொள்கை முடிவு, அரசிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

ஆக, இந்தியாவில் இதை எழுதும் நேரத்தில், இத்தனை வயதுக்குக் கீழே சமூக ஊடகம் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. இருப்பது நான் மேலே சொன்ன பெற்றோர் சம்மத விதிதான். அதற்கான விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால் 2027 மே மாதம்தான் முழுசாக நடைமுறைக்கு வரும். அப்போது உங்கள் போனுக்கு ஒரு சம்மதக் கோரிக்கை வரும். கையில் ஊசியோடு இருக்கும்போது படிக்காமல் 'ஓகே' அழுத்திவிடாதீர்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், சேர்த்த தகவலை அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது.

13 என்ற எண் பற்றியும் ஒரு வார்த்தை. "பதிமூணு ஆச்சுன்னா பக்குவம் வந்துடும்னு டாக்டருங்க சொல்லித்தானே வெச்சிருப்பாங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் யாரும் வைத்ததில்லை. பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் போட்டது. பிள்ளை என்றால் 13க்குக் கீழே என்று அதில் வரையறுத்தது. முதலில் பேசப்பட்டது 16. பேரத்தில் 13 ஆகக் குறைந்தது. சம்மதம் வாங்கும் தொல்லை எதற்கு என்று நிறுவனங்கள் 13க்குக் கீழே சேர்க்கை இல்லை என்று எழுதி வைத்துவிட்டன. அந்தச் சட்டம் வந்தபோது இன்ஸ்டாகிராமும் இல்லை, ரீல்ஸும் இல்லை. எனவே ஏழு மாதம் கழித்து வரும் பிறந்த நாளன்று காலையில் உங்கள் மகளுக்குள் ஏதோ மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

கணக்கை என்ன செய்வது

இப்படியே விட்டுவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை, காரணம் மேலே சொன்னதுதான். உங்கள் கணவர் சொல்வது போல அவளுக்குத் தெரியாமல் அழிக்கலாமா? சட்டப்படி உங்களைத் தடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் நாளையே தோழியின் போனில் இன்னொரு கணக்கு திறப்பாள். அதில் பிறந்த வருடம் 1999 ஆக இருக்கும், அடுத்த மெசேஜ் வரும்போது நீங்கள் பார்க்க அந்தப் போன் உங்கள் வீட்டில் இருக்காது.

என் யோசனை இது. புகார் கொடுத்து, போலீஸ் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கணக்கிலிருக்கும் வீடியோ, படங்கள் அனைத்தையும் முதலில் பதிவிறக்கம் செய்யுங்கள். அதற்கான வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. பிறகு கணக்கை மூடுங்கள். பிறந்த வருடத்தை மட்டும் உண்மையாக மாற்றினால் போதாதா என்றால், 13 நிறையவில்லை என்று தெரிந்ததும் நிறுவனமே அதை முடக்கிவிடும். பதிவிறக்க நேரம் இல்லாமல் போகலாம்.

கடைக்கு உங்கள் பெயரில், உங்கள் பிறந்த தேதியில், உங்கள் போன் நம்பரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். பெற்றோர் நடத்துவதாக முகப்பில் எழுதி வைத்தால் 13க்குக் கீழ் உள்ள பிள்ளையைக் காட்டும் கணக்கை அந்த நிறுவனம் அனுமதிக்கிறது. ஆனால் மகளின் முகம் வேண்டாம் என்பேன். ஹேங்கர் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, வளைச் சட்டத்தில் கட்டிய துணியில் ஊசி ஏறி இறங்குவதை நெருக்கத்தில் எடுத்தாலே ஆயிரம் பேர் பார்ப்பார்கள். எந்தப் பாட்டு, எத்தனை நொடி, எந்த வெளிச்சம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவுவதை, ஆபத்தில்லாத வேலையாக இருக்கும்வரை, சட்டம் தடுக்கவில்லை. பதினோரு பிளவுஸ் கொண்டுவந்தது அவள் மூளை என்று அவளிடம் சொல்லுங்கள். வந்த பணத்தில் ஒரு பங்கை அவள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டாலும் தப்பில்லை. கணக்கை மூடச் சொல்லும் அதே நாளில் இதையும் சொன்னால், பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைக்க மாட்டாள்.

வேவு பார்க்கும் செயலி வேண்டவே வேண்டாம். மகளின் படம், பேச்சு, போகும் இடம் எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கையில் கொடுப்பது அது. கூகுளின் ஃபேமிலி லிங்க் மாதிரி, பிள்ளைக்குத் தெரிந்தே போடுகிற கட்டுப்பாடு போதும். எத்தனை மணி நேரம், எந்தெந்த செயலி என்பதை உங்கள் போனிலிருந்தே பார்க்கலாம்.

பள்ளிக் குழு சின்ன விஷயம். வாட்ஸ்அப்புக்கும் 13 வயது விதி உண்டு. குழுவில் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லி வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தரவுச் சட்டத்தில் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், உங்கள் மகள் தன் பெயரில் கணக்கு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை.

கடிதத்தில் ஒரு வரி

இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பையனும் இன்ஸ்டாலதான் இருக்கான், ஆம்பளப் பையன், அவனப் பத்திப் பயமில்ல." ஆறு பக்கத்தில் அவனுக்கு அந்த ஒரு வரிதான்.

பெற்றோர் சம்மத விதி எனக்குக் கொஞ்சம் கலக்கம் தருவதே இந்த வரியால்தான். 2027இல் சம்மதக் கோரிக்கை வரும்போது, ஒரே வீட்டில் மகனுக்கு யோசிக்காமல் சம்மதமும், மகளுக்கு யோசிக்காமல் மறுப்பும் போகும் என்று பயப்படுகிறேன். சட்டம் இரண்டு பேரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. போக்சோவும் அப்படித்தான், 18க்குக் கீழே இருந்தால் ஆணும் குழந்தைதான்.

பையன்களுக்கு மாட்டும் வலை வேறு மாதிரி. அழகான பெண் படம், ராத்திரி ஒரு வீடியோ கால், அது பதிவாகும், காலையில் "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கிளாஸ் குரூப்புக்கு அனுப்புவேன்". வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், வீட்டில் பணம் திருடிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் அவன் கஞ்சா அடிக்கிறான் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். வகுப்புப் பெண்ணின் படத்தை விளையாட்டாக மார்ஃபிங் செய்து குழுவில் போட்டுவிட்டு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன்களும் 'பயமில்லாத ஆம்பளப் பசங்க'தான்.

மகளிடம் பேசும்போது அவனையும் உட்கார வையுங்கள். அவனுடைய கணக்கில் எந்தப் பிறந்த வருடம் இருக்கிறது என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். 15 வயதுக்கு டீன் அக்கவுண்ட் கிடைக்கும். உண்மையான வருடத்தைப் போட்டால் அவன் கணக்கு முடங்காது. அவன் தங்கைக்கு அந்த 2004ஐ யார் சொல்லிக் கொடுத்தது என்பதும் அப்போது தெரியவரலாம். தெரியவந்தால் அடிக்காதீர்கள்.